கொடைக் கணக்கு ஏன் திரும்பி வந்தது? மடற்குழு நடத்துபவர்களுக்கு டிமார்க் பற்றி

"என்ன மருமவனே, வரி பாக்கின்னு என் பேர வெட்டிட்டியளோ?"

அம்பாசமுத்திரத்து மாமா போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சீவலப்பேரிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று ஒரு மடற்குழு வைத்திருக்கிறோம். ஒரு முகவரிக்கு மின்னஞ்சல் போட்டால் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம், மும்பை, சென்னை, துபாய் என்று பிழைக்கப் போனவர்கள் மிச்சம். கால்நாட்டு என்றைக்கு, தலைக்கட்டு வரி எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு யார், கணியான் கூத்துக்கு யார் என்பதெல்லாம் அதில்தான் ஓடும். வாட்ஸ்அப் குழுவும் உண்டு. அங்கே போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் வரவு செலவுக் கணக்கு காணாமல் போய்விடுகிறது. அதனால் கணக்கு மட்டும் மின்னஞ்சலில். குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்து பல வருடம் ஆகிறது.

மாமா வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டியவர். ஆனால் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பார்த்தால் அவர் பெயருக்கு எதிரே, மடல் அனுப்புவது நிறுத்தப்பட்டிருப்பதாகக் குறிப்பு இருந்தது. அவருக்கு மட்டுமல்ல, பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். நிறுத்தியது நானோ கமிட்டியோ அல்ல. குழுவை நடத்தும் மென்பொருள். அவர்களுக்குப் போன மடல்கள் ஐந்து நாள் தொடர்ந்து திரும்பி வந்திருக்கின்றன. அந்த ஐந்து நாளும் மடல் போட்டவர் ஒரே ஆள், பொருளாளராக இருக்கும் என் பெரியப்பா மகன். அண்ணனுக்கு மும்பையில் ஒரு வங்கியில் வேலை. ஆபீஸ் முகவரியிலிருந்தே ஊருக்கும் உலகத்துக்கும் எழுதுவது அவர் பழக்கம்.

திரும்பி வந்த ஒரு மடலைத் திறந்தேன். 550 என்று ஒரு எண், அதை அடுத்து 5.7 என்று தொடங்கும் இன்னொரு எண், அப்புறம் ஆங்கிலத்தில் இரண்டு வரி. சாரம் இதுதான்: இந்த வங்கியின் பெயரில் வந்திருக்கும் மடல் அங்கிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே அந்த வங்கி அறிவித்திருக்கும் டிமார்க் கொள்கைப்படி (தன் பெயரில் சான்று இல்லாமல் வரும் மடலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) இதை ஏற்க மாட்டோம். (இந்த எண்களில் 4ல் தொடங்குவது 'இப்ப முடியாது, அப்புறம் வா' என்று அர்த்தம். 5ல் தொடங்குவது 'வரவே வேண்டாம்'.)

அண்ணன் நிஜமான ஆள். வங்கியும் நிஜமான வங்கி. மாமாவின் முகவரியிலும் ஒரு கோளாறும் இல்லை. பிறகு யார்தான் தப்பு செய்தது?

கவரும் கடிதமும்

மின்னஞ்சல் இன்றும் ஓடுவது 1982ல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி விதிகளின் அடிப்படையில்தான். ஒருவரையொருவர் அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் கடிதம் எழுதிக்கொள்ள அமைத்த ஏற்பாடு. அனுப்புகிறவர் தன் பெயரை என்னவென்று சொன்னாலும் அது நம்பிவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கவரின் மேல். மடல் போய்ச் சேராவிட்டால் எங்கே திருப்ப வேண்டும் என்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. இன்னொன்று உள்ளே கடிதத்தின் தலைப்பில். 'ஃபிரம்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது அது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே இங்கே அழுத்துங்கள்' என்று வங்கியின் பெயரில் வரும் திருட்டு மடல்களெல்லாம் பிழைப்பு நடத்துவது இந்தச் சந்தில்தான்.

இதை அடைக்க மூன்று பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உடன்குடிக் கருப்பட்டியை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். சீனிப்பாகைக் கலந்து காய்ச்சிவிட்டு உடன்குடிச் சரக்கு என்று விற்கிற கதை நம் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. நல்ல சரக்கு விற்கிற வியாபாரி ஒருவர் இதற்கு என்ன செய்வார்?

முதலில், 'என் சரக்கு இந்த இரண்டு வண்டியில்தான் வரும், நம்பரைக் குறிச்சுக்கிடுங்க' என்று திருநெல்வேலிக் கடைக்காரர்களிடம் சொல்லி வைப்பார். இது எஸ்பிஎஃப். 2006ல் முதல் வரையறை வந்தது, 2014ல் திருத்தினார்கள். தன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்று டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) சொந்தக்காரர் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன்களின் விவரங்களை யாரும் பார்க்கக்கூடிய இணையப் பதிவேட்டில், எழுதி வைக்கிறார். மடலைப் பெறும் சர்வர், வந்த வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் அது பார்ப்பது கவரின் மேலுள்ள முகவரியை மட்டும்.

அடுத்து, ஓலைப்பெட்டியின் வாயைத் தைத்து முடிச்சின் மேல் தன் அரக்கு முத்திரையை வைப்பார். இது டிகிம். யாஹூவின் ஒரு முறையையும் சிஸ்கோவின் ஒரு முறையையும் சேர்த்துச் செய்தது. 2007ல் தரமாக வந்தது. அனுப்பும் சர்வர், கடிதத்தின் உடலையும் அனுப்புநர், பொருள் போன்ற தலைப்பு வரிகளையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, ரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோருக்கும் கிடைக்கும். கடிதம் எந்த வண்டி மாறி வந்தாலும் கவலை இல்லை, முத்திரை உடையாமல் இருந்தால் சரி. ஆனால் உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை உடைந்ததாகத்தான் கணக்கு. இடைவெளி கூடக்குறைய இருந்தால் மன்னிக்கும் ஒரு தளர்வான முறை உண்டு. சொல் மாறினால் எந்த முறையிலும் மன்னிப்பு கிடையாது.

சரி, வண்டியும் தப்பு, முத்திரையும் இல்லை என்றால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்வதுதான் டிமார்க். 2012ல் அறிவிக்கப்பட்டு 2015ல் எழுத்து வடிவம் பெற்றது. 'என் பெயர் எழுதிய பெட்டி, என் வண்டியிலும் வராமல் என் முத்திரையும் இல்லாமல் வந்தால் இப்படிச் செய்யுங்கள்' என்று வியாபாரி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டும் அறிவிப்பு அது. அதில் மூன்று நிலை: 'நன்' என்றால் எதுவும் செய்யாதே, எனக்குத் தகவல் மட்டும் அனுப்பு. 'குவாரன்டைன்' என்றால் ஸ்பேமில் தள்ளு. 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

டிமார்க்கின் உயிர்நாடி ஒரு சின்ன நிபந்தனையில் இருக்கிறது. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஏதாவது ஒன்று தேறினால் போதும்; ஆனால் தேறியது எந்த டொமைனுக்கோ அந்த டொமைன், கடிதத்தின் தலைப்பில் நம் கண்ணுக்குத் தெரியும் ஃபிரம் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும். வண்டி நல்ல வண்டிதான், ஆனால் வேறொருவர் வண்டி என்றால் செல்லாது.

பெட்டியைப் பிரித்தது யார்?

இப்போது அண்ணனின் மடலோடு கூடவே நடந்து பார்ப்போம்.

அண்ணன் வங்கி முகவரியிலிருந்து 'வரி பாக்கி விவரம்' என்று ஒரு மடல் எழுதிக் குழுவின் முகவரிக்கு அனுப்புகிறார். வங்கியின் சர்வரிலிருந்து கிளம்புகிறது, வங்கியின் முத்திரையோடு. குழுவின் சர்வருக்கு வந்து சேரும்வரை எல்லாம் சுத்தம். வண்டியும் சரி, முத்திரையும் சரி.

அங்கேதான் நான் பல வருடம் முன்பு ஆசை ஆசையாகச் செய்து வைத்த இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. பொருள் வரியின் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் 'கொடை' என்று சேரும். கடிதத்தின் அடியில், 'கொடைக் கமிட்டி. விலக விரும்பினால் இந்த முகவரிக்கு எழுதவும்' என்று இரண்டு வரி ஒட்டிக்கொள்ளும். அதாவது வியாபாரி தைத்த பெட்டியின் வாயைப் பிரித்து, உள்ளே ஒரு திருநீற்றுப் பொட்டலம் வைத்து, நான் மறுபடி கட்டியிருக்கிறேன். நல்ல எண்ணம்தான். முத்திரை போயிற்று.

அடுத்தது வண்டி. குழு ஒரே கடிதத்தை எல்லா உறுப்பினருக்கும் தன் சர்வரிலிருந்து அனுப்புகிறது. கவரின் மேல் குழுவின் முகவரி இருக்கும். திரும்பி வருகிற மடல்கள் குழுவுக்கு வந்தால்தானே யாருக்குப் போகவில்லை என்று தெரியும். ஆகவே எஸ்பிஎஃப் சோதனை குழுவின் டொமைனுக்குத் தேறிவிடுகிறது. ஆனால் உள்ளே ஃபிரம் வரியில் இன்னும் வங்கியின் முகவரி. இரண்டும் பொருந்தவில்லை.

மாமாவின் மின்னஞ்சல் சர்வர் பார்க்கிறது. வங்கியின் பெயர், வங்கி முத்திரை உடைந்திருக்கிறது, வண்டி யாருடையதோ. வங்கியின் அறிவிப்பில் ரிஜெக்ட். திருப்பி அனுப்பிவிட்டது. அது செய்தது நூற்றுக்கு நூறு சரி. வங்கி ரிஜெக்ட் போட்டதும் சரி. வங்கி போடாமல் வேறு யார் போடுவார்கள்? மாமாவுக்கு வரவிருந்த திருட்டு மடல் எத்தனையை அது நிறுத்தியிருக்குமோ.

(வெறுமனே ஃபார்வர்டு செய்வதில் இந்தச் சிக்கல் குறைவு. பழைய கல்லூரி முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டிருப்பார்கள் பலர். அதில் வண்டி மாறும், பெட்டியை யாரும் பிரிப்பதில்லை. டிகிம் உயிரோடிருப்பதால் மடல் தப்பித்துவிடும்.)

இதில் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் தண்டனை யாருக்கு விழுந்தது என்பதுதான். நாங்கள் பயன்படுத்துவது மெயில்மேன் என்ற பழைய, இலவச மென்பொருள். ஒரு முகவரியிலிருந்து மடல் நிரந்தர மறுப்போடு திரும்பினால் அதற்கு ஒரு புள்ளி போடும், ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒன்று. நாம் எதையும் மாற்றாவிட்டால் ஐந்து புள்ளி சேர்ந்ததும் அந்த உறுப்பினருக்கு மடல் நிறுத்தப்படும். அப்புறம் வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை, அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். செத்துப்போன முகவரிகளைக் களையெடுக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. கொடைக்கு முந்தின வாரம் அண்ணன் தினம் ஒரு நினைவூட்டல் போட்டார். மடல் போட்ட அண்ணனுக்கு ஒரு புள்ளி இல்லை. டிமார்க்கை ஒழுங்காக மதிக்கிற நிறுவனத்தில் முகவரி வைத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் நாளுக்கு ஒரு புள்ளி. டிமார்க்கைக் கண்டுகொள்ளாத சோம்பேறி சர்வர்களில் இருந்தவர்களுக்கு மடல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. ரிஜெக்ட் என்ற நிலை முதலில் வங்கி போன்ற, இயந்திரம் அனுப்பும் மடல்களுக்கென்று நினைக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பொதுப் பயனர்களின் டொமைனுக்கே அதைப் போட்டது; அதே மாதம் ஏஓஎல்லும் போட்டது. அவர்கள் பயனர்களின் பெயரில் பொய் மடல்கள் குவிந்துகொண்டிருந்த நேரம், அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே இரவில் உலகெங்கும் மடற்குழுக்களில் பவுன்ஸ், அதாவது திரும்பி வந்த மடல்கள், கொட்டியது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் டிமார்க் வைத்தே ஆக வேண்டும் என்றன. ஒரு நாளைக்கு 5000 மடலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் கூகுளின் கணக்கில் அந்த வகை. அவர்களுக்கு 'நன்' நிலையே போதும் என்றாலும், டிமார்க் வைத்திருக்கும் டொமைன்கள் பெருகப் பெருக, அதில் ஒரு பங்கு ரிஜெக்டுக்கு ஏறும்.

என்ன செய்யலாம்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, 'அண்ணே, ஜிமெயிலிலிருந்து எழுதுங்களேன்' என்று சொல்வது. நானும் சொன்னேன். இரண்டு நாள் எழுதினார். மூன்றாம் நாள் ஆபீஸில் இருக்கும்போது அவசரம், பழைய குருடி கதவைத் திறடி. அதோடு, நாளைக்கு இன்னொரு உறுப்பினரின் கம்பெனி ரிஜெக்டுக்கு மாறினால் நமக்கு யாரும் சொல்லிவிட்டு மாறப்போவதில்லை.

இரண்டாவது வழி பெட்டியைப் பிரிக்காமலே அனுப்புவது. பொருள் வரியில் 'கொடை' வேண்டாம், அடியில் இரண்டு வரி வேண்டாம். விலகும் முகவரியை, கண்ணுக்குத் தெரியாமல் தலைப்பில் அதற்கென்று இருக்கும் தனி வரியில் போட்டுவிடலாம். பெரிய மடல் சேவைகள் அதைப் படித்து 'விலகு' பொத்தானாகக் காட்டும். அண்ணனின் முத்திரை அப்படியே மாமா வரை போகும், டிமார்க் தேறும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இணைப்பை நீக்குவது, எழுத்துக் குறியாக்கத்தை மாற்றுவது என்று குழு மென்பொருள் ஓசைப்படாமல் செய்யும் வேறு வேலைகளிலும் முத்திரை உடையும். அனுப்புகிறவரின் டொமைனில் டிகிமே இல்லாமல் எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பி ரிஜெக்ட் போட்டிருந்தால் இந்த வழி அடியோடு செல்லாது. சின்னக் குழுவுக்கு, எல்லாவற்றையும் கண்காணிக்க ஆள் இருந்தால் நல்லது. எங்களுக்கு ஆள் நான் ஒருத்தன்.

மூன்றாவதுதான் நாங்கள் எடுத்தது. பெட்டியைப் பிரித்தவன் தன் பெயரிலேயே அனுப்பிவிட வேண்டியது. ஃபிரம் வரியில் அண்ணனின் பெயர் இருக்கும்; கூடவே 'கொடைக்குழு வழியாக' என்று சேரும்; முகவரி மட்டும் குழுவின் முகவரியாக மாறும். அண்ணனின் நிஜ முகவரி 'பதில்' வரிக்குப் போய்விடும். இப்போது மாமாவின் சர்வர் கேட்பது வங்கியின் அறிவிப்பை அல்ல, குழுவின் டொமைனை. கவரிலும் குழு, கடிதத்திலும் குழு, பொருந்திவிட்டது. மெயில்மேனில் 2014 மே மாதம் வந்த 2.1.18 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. அனுப்புநரின் டொமைன் ரிஜெக்டா, குவாரன்டைனா என்று மடலுக்கு மடல் டிஎன்எஸ்ஸில் பார்த்து, தேவையானவர்களுக்கு மட்டும் ஃபிரம்மை மாற்றும். கூகுள் குரூப்ஸ் தானாகவே இப்படிச் செய்துவிடுகிறது, அங்கே குழு நடத்துபவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

எல்லோருக்கும் மாற்றுவதா, கெடுபிடி டொமைன்களுக்கு மட்டுமா என்பது அவரவர் விருப்பம். நான் எல்லோருக்கும் மாற்றினேன். சிலர் மடல் ஒரு மாதிரியும் சிலர் மடல் இன்னொரு மாதிரியும் வந்தால், அதற்கு விளக்கம் கேட்டு வரும் போன்களை எடுக்க எனக்குத் தெம்பில்லை.

இதைச் செய்தால் மட்டும் போதாது. குழுவின் டொமைனுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இருக்க வேண்டும். டிகிம் முத்திரையை அடிவரி ஒட்டிய பிறகு வைக்க வேண்டும், முன்னால் அல்ல. வரிசை மாறினால் நம் முத்திரையை நாமே உடைத்துக்கொள்வோம். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

அண்ணனின் கடிதத்தை அப்படியே இன்னொரு கடிதத்துக்குள் இணைப்பாக வைத்து அனுப்பும் முறை ஒன்றும் உண்டு. போனில் திறந்து பார்க்கச் சகிக்காது, விட்டுவிடுங்கள். ஆர்க் என்று 2019ல் சோதனை நிலையில் வந்த தரம் ஒன்றும் இருக்கிறது. 'என் கைக்கு வந்தபோது முத்திரை நன்றாகத்தான் இருந்தது, நான் சாட்சி' என்று குழு எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பும். சாட்சி சொல்பவரை எதிர்த் தரப்பு நம்பினால்தான் அதற்கு மதிப்பு. பெரிய குழுக்களின் சாட்சி எடுபடும். எங்கள் ஊர்க் கொடைக்குழுவின் சாட்சியை யார் நம்பப் போகிறார்கள்? ஆனாலும் போட்டு வைத்தால் நஷ்டம் இல்லை.

சொந்தமாக டொமைன் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. யாரோ சொன்னார்கள் என்று எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போடாதீர்கள். முதலில் 'நன்' போட்டு, அறிக்கைகள் வர ஒரு முகவரியும் கொடுங்கள். பெரிய சர்வர்கள் பொதுவாக நாளுக்கு ஒன்றாக அனுப்பும். உங்கள் பெயரில் எங்கெங்கிருந்து மடல் கிளம்புகிறது என்று அதில் தெரியும். பில் அனுப்பும் மென்பொருள் ஒன்றை மறந்தே போயிருப்பீர்கள். எல்லாம் சரியானபிறகு படிப்படியாக ஏற்றலாம். ஊழியர்கள் குழுக்களில் எழுதுகிறவர்கள் என்றால், பில்லும் அறிவிப்பும் போகும் டொமைனைத் தனியாகவும் ஆட்கள் எழுதும் டொமைனைத் தனியாகவும் வைப்பது இன்னும் நல்லது.

மாற்றியாயிற்று, சரியாகப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஜிமெயிலில் மடலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தால் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' இருக்கிறதா என்று காட்டும். கணினியில் பாருங்கள், போன் செயலியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக, நிறுத்தப்பட்ட உறுப்பினர்களை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். அமைப்பை மாற்றியதும் அவர்கள் தானாக வந்துவிட மாட்டார்கள். பெயர் பெயராகப் போய் நிறுத்தத்தை நீக்கினேன். 'பதில் எங்கே போக வேண்டும்' என்பதையும் அதே கையோடு பாருங்கள். எங்கள் குழுவில் அது குழுவுக்கே போகும்படி இருந்ததை நான் கவனிக்கவில்லை. வந்த முதல் மடலுக்கே, தூத்துக்குடியில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அண்ணனுக்கு மட்டும் என்று நினைத்து, போன வருட வரியை அடுத்த மாதம் தருவதாகவும் வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் எழுதிவிட்டார். ஊரே படித்தது, அவர் வீட்டம்மாவும் குழுவில் இருந்தார்.

இப்போது பதில், மூல மடலை எழுதினவருக்கு மட்டும் போகிறது. மாமாவுக்கும் மடல் வருகிறது. முதல் மடல் வந்த அன்றே போன் செய்தார்: "மருமவனே, ஒங்க அண்ணன் பேருக்குப் பின்னால 'கொடைக்குழு வழியாக'ன்னு போட்டிருக்கே, கமிட்டியில அவனுக்கு என்ன புதுப் பதவி?"